அந்தக் கைக்கு எந்த மோதிரம்?

கேள்வி: எனக்கு ஆவணியில் கலியாண எழுத்து. அன்றைக்கே மோதிரமும் மாற்றுகிறோம். வருங்கால மனைவி திருகோணமலை ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறார். நீலக்கல் ஒன்றை உயரமாகப் பதித்துப் பெரிய மோதிரம் செய்து, முன்கூட்டியே சொல்லாமல் போட்டுவிட ஆசை. அம்மாவோ, "கல் எதுக்கு, 22 கரட்டில் ஒரு பவுணுக்குப் பாரமாகப் போடு" என்கிறார். வருங்கால மனைவியின் கையில் ஒரு மணிக்கூட்டைத் தவிர வேறு எதையும் நான் கண்டதில்லை. என்ன செய்யலாம்?
— வாசகர், உப்புவெளி

பதில்: தம்பி, முதலில் கையுறையைப் பற்றிப் பேசுவோம். ஒரு தாதி ஒரு நாளைக்கு எத்தனை தரம் கையுறை மாட்டிக் கழற்றுகிறார், எத்தனை தரம் கை கழுவுகிறார் என்று அவரிடமே ஒருமுறை கேட்டுப் பாருங்கள். உயரமாக நிற்கும் கல் கையுறையைக் கிழிக்கும். நோயாளியைத் தூக்கும்போது தோலில் கீறும். மோதிரத்துக்கு அடியில் ஈரமும் கிருமியும் தங்கும் என்பதால், கல் வைத்த மோதிரத்தைக் கடமை நேரத்தில் கழற்றி வைக்கச் சொல்வது ஆஸ்பத்திரிகளில் வழக்கம். நீங்கள் நினைத்திருக்கிற மோதிரம் பாதி நாள் அலுமாரியில்தான் கிடக்கும். கழற்றிக் கழற்றி வைக்கிற மோதிரம் தொலைந்தும் போகும்.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். எனக்கு மாற்றிய மோதிரத்தில் ஒரு முத்து இருந்தது. பார்க்க அவ்வளவு வடிவு. ஆனால் சமையல், உடுப்புத் தோய்ப்பு, வியர்வை எல்லாம் பட்டுச் சில வருடங்களிலேயே அது ஒளி இழந்துவிட்டது. முத்து மிக மென்மையானது. என் கைக்கு என்ன வேலை என்று அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை. அந்தக் கவலை இப்போதும் எனக்கு உண்டு.

ஆனால் நீலக்கல்லை விட்டுவிடச் சொல்லவில்லை. நல்ல கல்லைத்தான் நினைத்திருக்கிறீர்கள். கடினத்தை 1 முதல் 10 வரை அளந்தால் வைரம் 10, நீலம் 9. நிலாவெளிக் கடற்கரை மணலில் கலந்திருக்கும் குவார்ட்ஸ் 7. மண்ணும் தூசியும் பட்டால் 6 அளவில் நிற்கிற சந்திரகாந்தக் கல்லில் கோடு விழும்; நீலத்தில் விழாது. அதோடு எங்கள் நாட்டுக் கல். 1981இல் இளவரசி டயானாவுக்குப் போட்ட நிச்சயதார்த்த மோதிரத்தில் இருந்ததும் இலங்கை நீலம்தான், ஏறக்குறைய 12 கரட். அந்த அளவு அந்த வாழ்க்கைக்குச் சரி. வார்ட்டில் நிற்கிற கைக்கு அரைக் கரட், மிஞ்சினால் ஒரு கரட் போதும். (கல்லின் கரட் எடை, 200 மில்லிகிராம். தங்கத்தின் கரட் தரம். கடையில் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

எப்படிப் பதிப்பது என்பதில்தான் முழுக் கவனமும் வேண்டும். நாலு கொக்கியில் கல்லைத் தூக்கி நிறுத்தாமல், சுற்றிவரத் தங்க விளிம்பு கட்டி, கல் விரலோடு தாழ்ந்து இருக்கும்படி செய்யச் சொல்லுங்கள். எதிலும் கொளுவாது, கழுவவும் சுகம். இதில் அம்மாவின் விருப்பத்துக்கும் இடம் இருக்கிறது. 22 கரட்டில் 91.6 சதவீதம் தங்கம், அதனால் மென்மை. மெல்லிய கொக்கி நாளடைவில் வளைந்து கல் கழன்று விழலாம். முழு விளிம்பு கட்டினால் 22 கரட்டிலும் கல் உறுதியாக இருக்கும். கொக்கிதான் வேண்டுமென்றால் 75 சதவீதம் தங்கமுள்ள 18 கரட் நல்லது. ஒரு பவுண் என்பது 8 கிராம். நகை போட்டே பழகாத விரலுக்கு அது பாரம். அதில் பாதி போதும். மிச்சத்தைத் தாலிக்கொடிக்குச் சேர்த்து வைக்கலாமே என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள், மறுக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயம், இதைத் தட்டிக்கழிக்க வேண்டாம். நீலம் சனிக்குரிய கல். சாதகம் பார்க்கிற வீடுகளில் அதைக் கேட்காமல் கொண்டுபோய் விரலில் போட்டால் பெண்ணின் தாய் தகப்பன் உள்ளுக்குள் பயப்படுவார்கள். நீங்கள் நம்புகிறீர்களா இல்லையா என்பது வேறு. நல்ல நாளில் அவர்கள் மனம் கலங்கக் கூடாது. அவர்கள் தயங்கினால் மஞ்சள் நிறப் புஷ்பராகம் பாருங்கள். நீலமும் அதுவும் ஒரே கனிமம், நிறம்தான் வேறு, உறுதியில் குறைவில்லை.

இதற்காகத்தான் சொல்லாமல் செய்கிற எண்ணத்தை விடச் சொல்கிறேன். மணிக்கூடு மட்டும் கட்டுகிற பிள்ளை நகை பிடிக்காதவராக இருக்கலாம், வேலைக்காகக் கழற்றி வைப்பவராகவும் இருக்கலாம். அது உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. கலியாண வீட்டுக்கு வரும்போது காதில் என்ன போடுகிறார் என்று அவருடைய சகோதரி யாரிடமாவது கேட்டால் கொஞ்சம் விளங்கும். நேரில் கேட்டால் முழுதும் விளங்கும். கல்லின் நிறத்தை மட்டும் உங்கள் ரகசியமாக வைத்துக்கொள்ள ஆசையென்றால், பெண் வீட்டாரிடம் கேட்டுவிட்டு அப்படிச் செய்யுங்கள்.

கல் வாங்கும்போது நிறம் கூட்டச் சூடேற்றிய கல்லா என்று கேளுங்கள். அப்படிச் செய்வது தொழிலில் சாதாரணம், குற்றமில்லை, ஆனால் விலையில் வித்தியாசம் உண்டு. கல்லின் எடை, தங்கத்தின் எடை, தரம் மூன்றும் பற்றுச்சீட்டில் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். சுற்றிவரக் கல் வைத்த மோதிரம் வேண்டாம், பிறகு அளவு மாற்றுவது பெரும்பாடு.

அளவு எடுக்க இருவரும் சேர்ந்தே பத்தரிடம் போங்கள். வலக்கை விரலும் இடக்கை விரலும் ஒரே அளவாக இராது. எங்கள் ஊர் வெக்கைக்குக் காலையில் இருந்த விரல் பின்னேரம் கொஞ்சம் பருத்திருக்கும். இறுக்கிச் செய்தால் வேதனை. தளர்த்திச் செய்தால் கடலில் குளிக்கும்போது குளிர்ந்து சுருங்கிய விரலில் இருந்து வழுகிப் போய்விடும். மூட்டைத் தாண்டும்போது சற்றுத் தடுத்து இறங்க வேண்டும், அதுதான் சரியான அளவு. இரவுக் கடமை முடிந்து வந்த அன்றைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். நன்றாகத் தூங்கி எழும்பிய ஒரு நாளில், பின்னேரமாகப் போங்கள்.