டஸ்ட்டருக்கு ஸ்ட்ரட் மாத்தணும், எதை வாங்குறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம்ங்க அண்ணா, எனக்கு கோபி பக்கம். 2014 மாடல் ரெனோ டஸ்ட்டர் டீசல், 110 பிஎஸ், டூ வீல் ட்ரைவ், 1,24,000 கிலோமீட்டர் ஓடியிருக்குதுங்க. தோட்டம் தாளவாடில இருக்கறதால மாசம் ரெண்டு தடவை திம்பம் மலை ஏறி எறங்கோணும். ஆறு மாசமா முன்னாடி இடது பக்கம் டொக்கு டொக்குன்னு சத்தம், வளைவுல வண்டி சாயிற மாதிரியும் இருக்குது. மெக்கானிக் நாலு ஷாக்கும் மாத்தச் சொல்றார். இன்னொருத்தர் பழசையே பிரிச்சு ஆயில், கேஸ் போட்டு ரெடி பண்ணித் தர்றேன் பாதி காசுதான்ங்கறார். ஆன்லைன்ல பேர் தெரியாத கம்பெனி செட்டு ஒண்ணு ரொம்ப கம்மியா கெடைக்குது. எதை வாங்கலாம்ங்க?

பதில்: தம்பி, முதல்ல எதையும் வாங்காதீங்க. சத்தம் எங்கேர்ந்து வருதுன்னு பாத்துட்டு அப்புறம் காசு எடுங்க, ஏன்னா நீங்க சொல்ற டொக்கு டொக்கு சத்தம் பாதி நேரம் ஸ்ட்ரட்டே (முன்பக்கம் ஸ்பிரிங்கோட சேந்து வர்ற ஷாக்) கிடையாது, லிங்க் ராட் (வளைவுல வண்டி சாயாம புடிக்கிற கம்பியை இணைக்கிற சின்ன ராடு) தேஞ்சு போனாலும் இதே சத்தம்தான், லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழ புடிச்சிருக்கிற கையோட ரப்பர்) கிழிஞ்சாலும் இதே மாதிரிதான், ஸ்ட்ரட்டுக்கு மேல உக்காந்திருக்கிற ரப்பர் மவுண்ட் அமுங்கிப் போனாலும் கேக்கும். ஸ்ட்ரட்டோட விலையோட பாத்தா லிங்க் ராட் சில்லறை. அதனால ஒரு நல்ல மெக்கானிக்கா பாத்து, ரெண்டு பக்க லிங்க் ராடையும் கழட்டிட்டு பக்கத்து தெருவுல மெதுவா ஒரு ரவுண்டு மட்டும் ஓட்டிப் பாக்கச் சொல்லுங்க (மெயின் ரோட்டுக்கு போகாதீங்க, அது இல்லாம வளைவுல வண்டி அதிகமா சாயும்). சத்தம் நின்னுருச்சுன்னா வில்லன் யாருன்னு தெரிஞ்சு போச்சு. வண்டி நிக்கும்போதே ஸ்டியரிங்க முழுசா திருப்பினா ஸ்பிரிங் டொய்ங்குன்னு துள்ளுற சத்தம் வந்துச்சுன்னா மவுண்ட்டுக்குள்ள இருக்கிற பேரிங் இறுகிப் போச்சுன்னு அர்த்தம்.

பானெட்டை அமுக்கி விட்டு எத்தனை தடவை ஆடுதுன்னு பாக்கிற பழைய டெஸ்ட்ட நம்பி முடிவு எடுக்காதீங்க, முழுசா செத்துப்போன ஷாக் மட்டும்தான் அதுல மாட்டும், பாதி செத்தது பாஸாயிரும். டயரைத் தடவிப் பாருங்க, பள்ளம் பள்ளமா தேஞ்சிருக்கா? ஸ்ட்ரட் உடம்புல லேசா எண்ணெய்ப் பசை மாதிரி இருந்தா பயப்பட வேண்டாம், ஆனா பாதி உடம்பு வரைக்கும் ஈரமா வடிஞ்சு மண்ணு ஒட்டியிருந்தா சீல் போச்சு, மாத்தித்தான் ஆகணும். நீங்க ஓட்டின கிலோமீட்டருக்கும் திம்பத்தோட 27 ஊசி வளைவுக்கும் பாத்தா ஸ்ட்ரட்டும் தளர்ந்துதான் இருக்கும்னு எனக்குப் படுது, வளைவுல சாயுதுன்னு வேற சொல்றீங்க. ஆனாலும் பாத்துட்டு செய்யுங்க.

சரி, மாத்தணும்னு முடிவாச்சுன்னு வைங்க. பழசைப் பிரிச்சு ஆயில் ஊத்தி தர்றேன்னு சொல்றவர்கிட்ட தயவு செஞ்சு போகாதீங்க. ஸ்ட்ரட்டும் சாதாரண ஷாக்கும் ஒண்ணு இல்ல. சாதாரண ஷாக் ஆட்டத்தை அடக்கிறதோட அதோட வேலை முடிஞ்சுது. ஸ்ட்ரட் அப்படி இல்ல, ஸ்பிரிங்கையும் வண்டியோட எடையையும் தாங்கிக்கிட்டு, ஸ்டியரிங்க திருப்பும்போது சக்கரமே அதைச் சுத்தித்தான் திரும்புது. ஏர்ள் மெக்பர்சன்னு ஒரு இன்ஜினியர் 1940-கள்ல யோசிச்ச டிசைன், இன்னைக்கு வரைக்கும் பெரும்பாலான கார்ல முன்பக்கம் அதுதான். ஃபேக்டரில சீல் பண்ணி நைட்ரஜன் அடைச்சு வர்ற பொருளை அறுத்து வெல்டிங் வச்சு மூடினா உள்ள வால்வு தேஞ்சது தேஞ்சதுதான், ராடுல விழுந்த கீறலும் அப்படியேதான் இருக்கும், புது சீலையும் அது கொஞ்ச நாள்ல கிழிச்சிரும். மலைல எறங்கும்போது அந்த வெல்டிங்க நம்பி உங்க குடும்பம் உக்காந்திருக்கும், அதை நெனச்சுப் பாருங்க.

பிராண்டுன்னு பாத்தா ரெண்டு வழி. ஒண்ணு ரெனோ பார்ட்ஸ் கவுண்டர்ல கம்பெனி பெட்டி. இல்லேன்னா கேப்ரியல், மன்றோ, கேஒய்பி மாதிரி பேர் உள்ள கம்பெனியோட சாதா மாடல். என்னைக் கேட்டா, விலை வித்தியாசம் உங்களுக்கு ரொம்ப பெருசா தெரியலைன்னா கம்பெனி பெட்டியே வாங்குங்க. டஸ்ட்டரோட பெருமையே குழி ரோட்டை அது முழுங்கிட்டுப் போற விதம்தான், அந்த ஒரிஜினல் ட்யூனிங்க கெடுத்துக்காதீங்க. ஹெவி டூட்டி, ஸ்போர்ட்ஸ்னு விக்கிறது உங்களுக்கு வேண்டாம், கல்லு மாதிரி இறுகலா இருக்கும், ஒரே மாசத்துல வீட்ல திட்டு விழும்.

எதை வாங்கினாலும் ஆர்சி புக்குல இருக்கிற 17 இலக்க சேசிஸ் நம்பரைக் குடுத்து பார்ட் நம்பர் எடுங்க, "டஸ்ட்டருக்கு குடுங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க. 2014-லயே ஆல் வீல் ட்ரைவ் டஸ்ட்டரும் வந்துருச்சு, அதோட பின்பக்க அமைப்பே வேற. இடது வலது கூட தனித்தனி நம்பரா இருக்கலாம். சென்னை ஜி.பி. ரோடு மாதிரி பெரிய மார்க்கெட்ல வாங்கினாலும் சரி உங்க ஊர் கடைல வாங்கினாலும் சரி, பெட்டில தயாரிச்ச மாசம் வருஷம், எம்ஆர்பி, தயாரிப்பாளர் முகவரி, புகார் பண்ற நம்பர் எல்லாம் அச்சா இருக்கான்னு பாருங்க. அது இல்லாத பெட்டியத் தொடவே தொடாதீங்க. இன்னொண்ணு, 2025 செப்டம்பர் 22-லேர்ந்து ஆட்டோ பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 28-லேர்ந்து 18 சதவீதம் ஆயிருச்சு, அதுக்கு முன்னாடி அடிச்ச ஸ்டிக்கரைக் காட்டி பழைய விலையே சொன்னா கேள்வி கேளுங்க.

இப்ப நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நெனைக்கிறது. வெறும் ஸ்ட்ரட் மட்டும் வாங்காதீங்க, கூடவே ரெண்டு பக்கத்துக்கும் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப்பர் (ஸ்ட்ரட் முழுசா அமுங்கும்போது இடிக்காம தடுக்கிற ரப்பர்), டஸ்ட் கவர் (ராடுல தூசி படாம மூடுற உறை) எல்லாம் புதுசா வாங்குங்க. என்னோட பழைய வண்டில நான் ஸ்ட்ரட்டை மட்டும் மாத்திட்டு மவுண்ட் நல்லாத்தான் இருக்குன்னு மெக்கானிக் சொன்னதைக் கேட்டு விட்டுட்டேன், ஏழாவது மாசம் அதே சத்தம், திரும்ப மொத்தத்தையும் எறக்கி ஸ்பிரிங்க அமுக்கி பிரிச்சு மாட்டி லேபர் ரெண்டாவது தடவை குடுத்தேன், மவுண்ட்டோட விலையவிட அந்த லேபர் அதிகம். பத்து வருஷம் வெயில்லயும் இன்ஜின் சூட்டுலயும் வெந்த ரப்பர் அது, கண்ணுக்கு நல்லா இருந்தாலும் உயிர் இருக்காது. ஸ்பிரிங் மட்டும் சாதாரணமா மாத்தத் தேவையில்ல. சமதரையில நிறுத்தி, சக்கரத்தோட நடுவுலேர்ந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேல வளைஞ்சிருக்கிற தகடு) விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளந்து பாருங்க, ஒரே அளவா இருந்து ஸ்பிரிங்கோட கீழ் சுத்து உடையாம இருந்தா பழசே போதும்.

நாலும் மாத்தணுமான்னு கேட்டீங்கல்ல. முன்னாடி கண்டிப்பா ஜோடியா மாத்துங்க, இடது பக்கம் மட்டும் போட்டா ப்ரேக் அடிக்கும்போது வண்டி ரெண்டு மாதிரி நடந்துக்கும். உங்க டூ வீல் ட்ரைவ்ல பின்னாடி ஷாக் தனி ஸ்பிரிங் தனி, மாத்துறதும் சுலபம் லேபரும் கம்மி, கசிவு இல்லைன்னா ரெண்டு மாசம் கழிச்சு கூட பண்ணிக்கலாம்.

மாட்டும்போது பக்கத்துல நில்லுங்க. ஸ்பிரிங்க அமுக்கிறதுக்கு சரியான கம்ப்ரெஸர் இருக்கணும், கயிறு கம்பி கட்டி பிரிக்கிற ஆளா இருந்தா வண்டிய எடுத்துட்டு வந்துருங்க, அந்த ஸ்பிரிங் தெறிச்சா ஆளையே கொல்லும். நட்டைக் கழட்ட பளபளன்னு இருக்கிற ராடை ப்ளையர் வச்சு புடிக்க விடாதீங்க, அந்தக் கீறல்லதான் சீல் சாகும். புது ஸ்ட்ரட்டை மாட்டுறதுக்கு முன்னாடி நிமித்தி வச்சு மூணு நாலு தடவை முழுசா அமுக்கி இழுக்கணும், படுக்க வச்சிருந்ததால உள்ள காத்து ஏறியிருக்கும். எல்லாம் முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட், தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: சார், என்கிட்ட 2009 இன்னோவா இருக்கு. ஆன்லைன்ல "ஸ்ட்ரட் அசெம்ப்ளி" ஆஃபர்ல வருது, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். உங்க வண்டில ஸ்ட்ரட்டே கிடையாது, முன்னாடி டபுள் விஷ்போன் (மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு கை சக்கரத்தைப் புடிக்கிற அமைப்பு), ஸ்பிரிங்குக்கு நடுவுல ஷாக் இருக்கிறதப் பாத்து விக்கிறவங்க அப்படி பேர் வச்சிடறாங்க. விளம்பரத்துல பேரே தப்பா போட்டவன் பார்ட் நம்பரை மட்டும் சரியா போட்டிருப்பான்னு எனக்கு நம்பிக்கை இல்ல. ஷாக்குன்னே கேட்டு, சேசிஸ் நம்பரை வச்சு வாங்குங்க.

கேள்வி: நாலு மாசம் முன்னாடி வாங்கின ஸ்ட்ரட் ஒண்ணு ஆயில் கசியுது. கடைல மெக்கானிக் தப்புன்னு சொல்லி மாத்தித் தர மாட்டேங்கறாங்க. ஒரு வருஷ வாரண்ட்டி பில்லுலயே இருக்கு. என்ன பண்றது அண்ணா?

பதில்: பில் இருக்குல்லம்மா, அதுவே பெரிய பலம். பார்ட்டைக் கழட்டி கடைல குடுத்துடாதீங்க, முதல்ல கசியற இடம், ராடு, மேல அச்சடிச்ச நம்பர் எல்லாத்தையும் கிட்டத்துல ஃபோட்டோ எடுங்க. ராடுல கீறல் இல்லைன்னா மெக்கானிக் தப்புங்கற வாதம் நிக்கிறது கஷ்டம், மாட்டினவர்கிட்ட ஒரு வரி எழுதி வாங்கி வச்சுக்கோங்க. கடைக்கும், பெட்டில இருக்கிற கம்பெனி முகவரிக்கும் எழுத்துல புகார் அனுப்புங்க. அசையலைன்னா 1915-க்கு கூப்பிடுங்க, அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன். அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற ஊர்லயே போடலாம், பொருள் விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்ல, பிரச்னை வந்த நாள்லேர்ந்து 2 வருஷம் டைம். அதுவரைக்கும் கசியற ஸ்ட்ரட்டோட வேகமா ஓட்டாதீங்கம்மா.