ஜெனிவீவ்: கிழவருக்காக நின்ற கார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் சொன்னதால் 'ஜெனிவீவ்' (1953) என்ற பிரிட்டிஷ் படம் பார்த்தேன். அந்த மவுத் ஆர்கன் இசை பிடித்திருந்தது. மற்றபடி ஏமாற்றம்தான். வளர்ந்த ஆண்கள் இரண்டு பேர் பழைய காரை வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளைகள் மாதிரி சண்டை போடுகிறார்கள், கூட வந்த பெண்கள் பாவம், குளிரில் அவதிப்படுகிறார்கள். ஜெயிப்பதுகூட யாருடைய திறமையாலும் இல்லை, தற்செயல். இதில் அப்படி என்ன இருக்கிறது?

ரா.

அன்புள்ள ரா.,

சின்னப்பிள்ளைச் சண்டைதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்தச் சண்டை எதன் மேல் நடக்கிறது என்று பாருங்கள். 1896 வரை பிரிட்டனில் இயந்திர வண்டி மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக்கூடாது, முன்னால் ஓர் ஆள் நடந்து போகவும் வேண்டும். அந்தச் சட்டம் தளர்ந்து 14 மைல் வேகம் கிடைத்த நவம்பர் 14 அன்று லண்டனிலிருந்து பிரைட்டனுக்குக் கார்கள் கிளம்பின. அதன் நினைவாக இன்றும் நவம்பர் முதல் ஞாயிறு பழைய கார்கள் அதே ஊருக்குப் போகின்றன. அது பந்தயமே இல்லை, வண்டி போய்ச் சேர்ந்தாலே கொண்டாட்டம். படத்தில் ஆலனும் அவன் நண்பன் ஆம்ப்ரோஸும், திரும்பி வரும்போது யார் முதலில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தைத் தாண்டுவது என்று 100 பவுண்டு பந்தயம் கட்டுகிறார்களே, அங்கேதான் அந்தக் கொண்டாட்டம் கெட்டுப்போகிறது. ஒருவர் வண்டியை இன்னொருவர் கெடுக்கிற அளவுக்குப் போகிறார்கள்.

அப்புறம், லண்டனுக்குள் வந்து, ஜெயிக்க இன்னும் கொஞ்ச தூரமே இருக்கும்போது, ஒரு கிழவர் ஆலனின் டராக் காரை, அதாவது ஜெனிவீவை, பார்த்துவிட்டு அருகே வருகிறார். தன் இளவயதில் தன்னிடமும் இதே மாதிரி ஒன்று இருந்ததைச் சொல்லத் தொடங்குகிறார். எதிராளி பின்னால் வந்துகொண்டிருக்கிறான், ஒவ்வொரு நொடியும் நஷ்டம். ஆலன் நின்று கேட்கிறான். எனக்கு மொத்தப் படமும் இந்த ஒரு இடம்தான், இதை எப்போது பார்த்தாலும் தொண்டை அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் இருக்கும் அவன் மனைவி வென்டியை, அதாவது டைனா ஷெரிடனை, அந்த நேரத்தில் கவனித்துப் பாருங்கள், இத்தனை வருஷமாக இந்த மனுஷனோடு ஏன் இந்தக் குளிரில் வந்துகொண்டிருக்கிறாள் என்ற கேள்விக்கு அவளுக்கே அங்கே பதில் கிடைக்கிறது. இதற்குப் பிறகுதான் பிரேக் பிடிக்காத டராக் தானாகவே உருண்டு பாலத்தில் ஏறுகிறது, ஆம்ப்ரோஸின் ஸ்பைக்கர் காரின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் மாட்டி வேறு பக்கம் போகிறது. இரண்டு ஆண்களும் கெடுத்ததை வண்டியே சரி செய்துகொள்கிறது. திரைக்கதை எழுதிய வில்லியம் ரோஸ் இதை யோசித்துத்தான் எழுதியிருக்கிறார், தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

பெண்கள் பாவம் என்கிறீர்கள். ஆம்ப்ரோஸோடு வரும் பெண்ணாக நடித்த கே கெண்டல் டிரம்பெட் வாசிக்கும் காட்சியை மறந்துவிட்டீர்களா? குடித்திருக்கிறாள், மானம் போகப்போகிறது என்று எல்லோரும் நெளிகிறார்கள், அவள் எழுந்து பிரமாதமாக வாசிக்கிறாள். (டிரம்பெட் ஒலி கென்னி பேக்கருடையது, அந்த உடல்மொழி முழுக்க கெண்டலுடையது.) கெண்டல் 1959-லேயே ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டார். அவர் இருக்கும் எந்தச் சட்டகத்திலும் என் கண் வேறு யார் மேலும் போவதில்லை.

உங்களுக்குப் பிடித்த அந்த மவுத் ஆர்கன் லாரி ஆட்லர். அப்போது அமெரிக்காவில், கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் கலைஞர்களுக்கு வேலை மறுத்த கறுப்புப் பட்டியலில் இருந்தார், அதனால் அங்கே ஓடிய பிரதிகளில் அவர் பெயரையே எடுத்துவிட்டார்கள், ஆஸ்கர் பரிந்துரை இசை நடத்துநர் மியூர் மேதிசன் பெயருக்குப் போனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொன்று, ஆலனாக நடித்த ஜான் கிரெக்சனுக்கு இந்தப் படத்துக்கு வரும்போது கார் ஓட்டத் தெரியாது. இது தெரிந்து பார்த்தால் அவர் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் பிடி இன்னும் நன்றாக இருக்கும்.

அந்த 1904 டராக் பிறகு ஆஸ்திரேலியா வரை போய் ரொம்ப வருஷம் கழித்துத் திரும்பியது. இப்போது நெதர்லாந்தின் ஹேக் நகரில், லவ்மன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸ்பைக்கரும் அங்கேதான்.