டீச்சரைக் கேளுங்க: ‘ஓசி பாஸ்’ பையன்
(ஆகஸ்ட் 2021)

கேள்வி: டீச்சரம்மாவுக்கு வணக்கம். நான் பீடி சுற்றுகிறேன். மகனுக்கு 15 வயது. ஆன்லைன் வகுப்புக்கென்று போனஸ் பணத்தில் போன் வாங்கிக் கொடுத்தேன். இப்போது விடிய விடிய ஃப்ரீ ஃபயர் விளையாட்டுதான். நாலு மணிக்குப் படுத்து, மதியச் சோறு ஆறின பிறகு எழுந்திரிக்கிறான். ஒரு சொல் சொன்னால் எரிந்து விழுகிறான். பத்தாம் வகுப்பில் பரீட்சை எழுதாமல் கிடைத்த ஓசி பாஸுக்கே இந்தத் திமிர். மே மாதம் என் மாமனார் கொரோனாவில் இறந்ததிலிருந்து வீடே சரியில்லை. போனைப் பிடுங்கி வைக்கலாமா?
– பெயர் வேண்டாம், முக்கூடல்.

பதில்: தங்கச்சி, மாமனார் இறந்ததைக் கடைசியில் போட்டிருக்கீங்க. எனக்கு அதுதான் முதல்ல கண்ணுல பட்டது. பேரனை சைக்கிள்ல வச்சு ஆத்துக்குக் கூட்டிப் போனவரா? சுடலைமாடன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்கத் தோள்ல தூக்கிட்டுப் போனவரா? நீங்க எழுதலை. எங்க அண்ணனும் அதே மே மாசம்தான் போனாரு. பிளாஸ்டிக்ல சுத்தித்தான் குடுத்தாங்க, முகம் பார்க்கலை. பதினாறாம் நாளுக்கு நாலே பேரு. 63 வயசுக்காரி நான் சத்தம் போட்டு அழுது தீர்த்தேன். உங்க மகன் எங்க போய் அழுவான்? அந்த வயசுல துக்கம் எரிச்சலாத்தான் வெளியே வரும். முப்பது வருஷம் வகுப்புல பார்த்திருக்கேன்.

அடுத்தது, ‘ஓசி பாஸ்’. இதை நானும் சொல்லியிருக்கேன். என் தங்கச்சி பேரன்கிட்ட விளையாட்டா “கொரோனா பாஸ்தானல”ன்னு கேட்டேன். தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டான். ஒரு வாரம் பேசலை. அந்தப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்தைப் பார்த்ததே ஜனவரி 19 முதல் ரெண்டு மாசம். பரீட்சை வேண்டாம்னு அவங்களா கேட்டாங்க? சான்றிதழ்ல மார்க்கே இல்லாம ‘தேர்ச்சி’ன்னு மட்டும் இருக்கும்போது, வீட்டுலயும் குத்திக்காட்டினா எப்படி?

போனைப் பிடுங்காதீங்க. ஒண்ணரை வருஷமா அவனுக்கு மைதானம், கூட்டாளி எல்லாம் அதுக்குள்ளதான். இந்த வயசுல தூக்கம் வர வைக்கிற மெலடோனின் பெரியவங்களைவிடப் பிந்தித்தான் சுரக்கும். ராத்திரி முழிக்கிறது எல்லாமே திமிர் இல்லை. ஆனா எட்டு மணி நேரமாவது தூங்கணும். செப்டம்பர் 1-ம் தேதி பள்ளிக்கூடம் திறக்குறாங்க. ரெண்டு நாளைக்கு ஒருதரம் அரை மணி நேரம் முன்னால எழுப்புங்க. எழுந்ததும் வெயில் படட்டும், ஆத்துக்குப் போகட்டும். ராத்திரி போன் தூங்குறது திண்ணையில. உங்க போனும்தான்!

எதிர்ல உட்கார வச்சு விசாரிச்சா வாயைத் திறக்க மாட்டான். நீங்க பீடித்தட்டோட இருக்கும்போது பக்கத்துல உட்காரச் சொல்லுங்க (வேலை வாங்கச் சொல்லலை). தாத்தாவைப் பத்தி நீங்களே ஒரு கதையை எடுத்து விடுங்க. அவன் பேசலைன்னாலும் பரவாயில்லை, இன்னொரு நாள் இன்னொரு கதை.

ரெண்டு வாரம் தாண்டியும் சோறு இறங்கலை, கூட்டாளிகளையும் விட்டுட்டான், “நான் இருந்து என்ன”ங்கிற மாதிரி பேச்சு வந்ததுன்னா தள்ளிப் போடாதீங்க. “சாகணும்னு தோணுதாய்யா”ன்னு நேராவே கேளுங்க. கேட்டா அந்த நினைப்பு புதுசா வந்துடும்னு பயப்பட வேண்டாம், வராது. வயலுக்கு அடிக்கிற மருந்து வீட்டுல இருந்தா உடனே அப்புறப்படுத்துங்க. திருநெல்வேலி ஐகிரவுண்டு அரசு பெரியாஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு. ராத்திரி நேரம்னா அரசு மருத்துவ உதவி எண் 104-க்கு அடிங்க. ஊர் என்ன சொல்லும்னு நினைச்சா, காதுவலின்னு சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. அவன்கிட்ட மட்டும் உள்ளதைச் சொல்லிடுங்க.

கேள்வி: 13 வயது மகள் கொரோனா பயத்தில் கை கழுவிக் கழுவித் தோல் உரிகிறது. திட்டினால் ஒளிந்து கழுவுகிறாள்.
– ஒரு தந்தை, வள்ளியூர்.

பதில்: திட்டினதாலதான் ஒளியுறா. கழுவலைன்னா பதறுறா, நிறுத்தணும்னு நினைச்சும் முடியலைன்னா அது வெறும் சுத்தம் இல்லை. குணமாக்கக்கூடிய நோய். தோலுக்குக் களிம்பு வாங்குறதோட நிறுத்தாம மனநல டாக்டர்கிட்டக் காட்டுங்க. அதுவரைக்கும் வீட்டுல கொரோனா கணக்குச் சொல்லுற டிவியை அணைச்சு வையுங்க. முக்கியமா நீங்க பார்க்குறதை.