அலைக்கு அக்கம்பக்கம் தெரியுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிலிக்கான் சிப்பில் ஒற்றை எலக்ட்ரானின் ஸ்பின்னை (அதைச் சிறு காந்தமாக்கும் பண்பை) குவாண்டம் கணினியின் தகவல் அலகாக, அதாவது க்யூபிட்டாக, பயன்படுத்துவது பற்றிய உங்கள் கட்டுரையில் ஒன்று இடிக்கிறது. அடுத்தடுத்த எலக்ட்ரான்களுக்கு நடுவே சுமார் 100 நானோமீட்டர்தான் என்கிறீர்கள். மைக்ரோவேவின் அலைநீளமோ சென்டிமீட்டர் கணக்கு. பிறகு அந்த அலையால் ஒன்றின் ஸ்பின்னை மட்டும் எப்படித் திருப்புகிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அலை எல்லா எலக்ட்ரான்கள்மேலும்தான் விழுகிறது. ஆளைப் பிரிப்பது அதிர்வெண். 0.5 டெஸ்லா காந்தப்புலத்தில் எலக்ட்ரானின் ஸ்பின் ஏறத்தாழ 14 கிகாஹெர்ட்ஸுக்கு இசையும். புலம் 1 மில்லிடெஸ்லா மாறினால் அது 28 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அதனால் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜப்பானின் ரிக்கென் ஆய்வுக் குழுக்கள் சிப்பின்மேல் கோபால்ட் நுண்காந்தம் படியவைத்து, ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் வேறு வேறு புலம் கிடைக்கும்படி செய்கின்றன. அதே காந்தம் இன்னொன்றுக்கும் உதவுகிறது. எலக்ட்ரானைப் பிடித்து வைக்கும் மின்முனையான கேட்டின் மின்னழுத்தத்தை மைக்ரோவேவ் வேகத்தில் ஆட்டினால், புலச் சரிவில் (இடத்துக்கு இடம் புலம் மாறும் பகுதியில்) எலக்ட்ரான் அசையும். அந்த அசைவே அதற்கு ஆடும் காந்தப்புலம். ஆன்டெனா தேவையில்லை.

சிட்னியின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழு 2014-இல் காட்டிய வழியில் காந்தம் கிடையாது, சிப்பிலேயே ஆன்டெனா. அங்கே கேட் மின்னழுத்தத்தால் ஜி-காரணியை (ஒரே புலத்தில் ஸ்பின் எந்த அதிர்வெண்ணுக்கு இசையும் என்பதைத் தீர்மானிக்கும் எண்ணை) சற்று நகர்த்தி எலக்ட்ரானை அலைக்கு இசைய வைக்கிறார்கள். கிடைக்கும் அதிர்வெண் இடைவெளி சிறியது.

இடைவெளி எவ்வளவு வேண்டும்? ராபி அதிர்வெண், அதாவது அலை ஸ்பின்னை ஒரு வினாடியில் எத்தனை முழுச் சுற்று சுழற்றும் என்பது, 2 மெகாஹெர்ட்ஸ் என்றால் தலைகீழாகத் திருப்ப 250 நானோவினாடி. பக்கத்து எலக்ட்ரான் 20 மெகாஹெர்ட்ஸ் தள்ளியிருந்தால், அது தவறிப் புரளும் வாய்ப்பு அதிகபட்சம் 1 சதவீதம். 100 மெகாஹெர்ட்ஸ் என்றால் 0.04 சதவீதம். அவசரப்பட்டு வேகத்தை இரட்டித்தால் இந்தப் பிழை ஏறக்குறைய நான்கு மடங்காகும். இடைவெளி குறைவாக அமைந்துவிட்டாலும் வழியுண்டு: அதை ராபி அதிர்வெண்ணின் 3.87 மடங்காக வைத்தால், நீங்கள் 90 அல்லது 180 பாகை திருப்பி முடிக்கும்போது பக்கத்தது முழுச் சுற்றுகள் போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கும். (எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இது.) அதன் கட்டம் (சுழற்சியில் அது நிற்கும் கோணம்) மட்டும் நகர்ந்திருக்கும், அடுத்த பல்ஸின் (குறுகிய மைக்ரோவேவ் துடிப்பின்) கட்டத்தை மாற்றி அதை ஈடுகட்டலாம்.

புதியவர்கள் தடுக்கி விழுவது மிக்சரில், அதாவது மூல அலையோடு இன்னொரு அலையைக் கலந்து வேண்டிய அதிர்வெண்ணை உண்டாக்கும் கருவியில். அதில் கூடவே பிறக்கும் தேவையற்ற பிம்ப அலையோ கசியும் மூல அலையோ இன்னொரு க்யூபிட்டின் அதிர்வெண்ணில் உட்கார்ந்தால், தொடாத எலக்ட்ரானும் சுழலும். மூல அலையை எல்லா க்யூபிட்களிலிருந்தும் விலக்கி வையுங்கள். பல்ஸ் இல்லாத நேரத்தில் சுவிட்சால் அதை அடைத்துவிடுங்கள்.

நுண்காந்தம் இலவசமல்ல. புலச் சரிவு இருப்பதால் அருகிலுள்ள மின்னூட்ட இரைச்சல் எலக்ட்ரானை அசைக்கும்போதெல்லாம் அதிர்வெண்ணும் ஆடும். இது காந்தத்தன்மையுள்ள சிலிக்கான்-29 அணுக்கருக்களை நீக்கினாலும் போகாது. பல்ஸ் தரும் வெப்பமும் அதிர்வெண்ணை நகர்த்தும். டெல்ஃப்ட் குழு சிப்பை வேண்டுமென்றே 200 மில்லிகெல்வின் வரை சூடாக்கியபோது இந்த நகர்வு வெகுவாகக் குறைந்தது. எப்படியும் ராம்சே அளவீட்டால் (இரு பல்ஸ்களுக்கு நடுவே ஸ்பின்னைச் சும்மா விட்டு அதிர்வெண்ணைக் கணிக்கும் முறையால்) அதிர்வெண்ணை அடிக்கடி சரிபார்க்க வேண்டும், அதுவும் உண்மையில் ஓட்டப்போகும் அதே பல்ஸ் நெருக்கத்தில். சும்மா கிடக்கும் சிப்பில் எடுத்த எண் ஓட்டத்தில் பொருந்தாது.