சித்தப்பா போட்ட ஐந்தாண்டுத் திட்டம்

போன சனிக்கிழமை சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, மகள். சித்தப்பா வரவில்லை, ஆனால் அவர் தயாரித்த தாள் வந்திருந்தது. ஏ3 அளவு, நான்காக மடித்தது. பத்துப் பருவங்கள், பருவத்துக்கு ஒரு நிறம். மூன்றாம் ஆண்டு விடுமுறையில் வங்கியில் வேலைப்பயிற்சி, நான்காம் ஆண்டில் வெளிநாட்டுப் பரிமாற்றம், ஐந்தாம் ஆண்டு முடிவில் வணிக நிர்வாகம், கணினியியல் என்று இரண்டு பட்டம். அம்மா அதை மேசைமேல் விரித்து நீவிவிட்டார். மகள் தண்ணீர்ப் போத்தலின் லேபிளை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓ நிலை, ஏ நிலைத் தேர்வுலயெல்லாம் நல்லா செஞ்ச பிள்ளை சார். ஆகஸ்டுல யுனிவர்சிட்டி தொடங்குனதுலேருந்து எங்களோட உக்காந்து சாப்பிடுறதே இல்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல யாரோடயோ ஸூம்ல பேசுறா. மிட்டர்ம்ல பாதி மார்க்குகூட வரல. எப்படியாவது அட்ஜஸ்ட் பண்ணிக்கச் சொல்லுங்க" என்றார் அம்மா.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். பல்கலைக்கழகத்துக்கு முந்திய தொடக்கக்கல்லூரியில் இருபது இருபத்தைந்து பேர் கொண்ட ஒரே வகுப்பு, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆசிரியர். இங்கே இருநூறு முந்நூறு பேர் விரிவுரையில் இருப்பார்கள், வராதவரை யாரும் தேடுவதில்லை. அந்த முந்நூறு பேரும் அவரவர் பள்ளியில் முதல் வரிசையில் இருந்தவர்கள். அவர்களுக்குள்ளேயே வரிசைப்படுத்தித்தான் கிரேடு வருகிறது. அங்கே 'பி மைனஸ்' வாங்கினால் பிள்ளை மக்காகிவிட்டது என்று பொருளில்லை. பத்து மணி ஸூமும் காதல் விவகாரமில்லை, அம்மா. அது குழுத் திட்டம். ஒருவர் பகலில் டியூஷன் எடுப்பார், இன்னொருவர் மாலையில் பூப்பந்துப் பயிற்சிக்குப் போவார். ஐந்து பேருக்கும் தோதான நேரம் இரவு பத்துதான். சிறு குழு வகுப்பான டியூட்டோரியலில் வாய் திறந்து பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு. "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்று வளர்த்த பிள்ளை அங்கே முதல் ஒரு மாதம் ஊமையாக உட்கார்ந்திருக்கும். அதற்கு நீங்களும் நானும்தான் பொறுப்பு.

இதெல்லாம் பழகிவிடும். பழகாத ஒன்றும் இருந்தது, அது அந்த ஏ3 தாளில் இருந்தது.

"விண்ணப்பத்துல நீயா முதல்ல எழுதினது எதும்மா?" என்று மகளிடம் கேட்டேன். "கணினியியல்" என்றாள். வணிக நிர்வாகம் எப்படி வந்தது? சித்தப்பா சொன்னாராம், ரெண்டு பட்டம் இருந்தால் ரெண்டு கதவு என்று. நம் குடும்பத்தில் முதல் இரட்டைப் பட்டம் என்று தீபாவளி வருவதற்கு முன்பே எல்லார் வீட்டுக்கும் செய்தியும் போய்விட்டது. அதனால்தான் இப்போது பின்வாங்க வெட்கம். மகளுக்கில்லை, அப்பாவுக்கு.

நான் நேராகவே சொன்னேன்: இந்தக் குழந்தைக்கு இரட்டைப் பட்டம் வேண்டாம். வணிகத்தை விட்டுவிடுங்கள். வேலைக்கு எடுப்பவர் ஒரு வேலைக்குத்தான் ஆள் எடுக்கிறார். மென்பொருள் நிறுவனம் அவளுடைய நிரலைத்தான் பார்க்கும், கணக்கியலில் என்ன வாங்கினாள் என்று கேட்கப்போவதில்லை. இரண்டு துறையும் உண்மையிலேயே பிடித்து, இரண்டையும் ஓட்டக்கூடிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை நான் தடுத்ததே இல்லை. இவளுக்குப் பிடித்தது ஒன்று, பயந்து சுமப்பது இன்னொன்று.

செலவு பேசும்போது அப்பா முகம் மாறியது. ஒற்றைப் பட்டம் நான்கு வருடம், இந்த இரட்டைப் பட்டம் ஐந்து வருடம். கல்வி அமைச்சின் மானியம் போகவும் குடிமக்களுக்கு ஆண்டுக் கட்டணம் பெரும்பாலான படிப்புகளில் எட்டாயிரம் வெள்ளிக்கு மேல். அதோடு அந்த ஐந்தாவது வருடம் அவள் சம்பாதித்திருக்கக்கூடிய சம்பளத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதை ஏ3 தாளில் எந்த நிறத்திலும் காணோம். "சிபிஎஃப்லேருந்துதானே எடுக்குறோம், கையிலேருந்து ஒண்ணும் போகலையே" என்றார் அப்பா. இந்த வாக்கியத்தை வருடத்துக்கு முப்பது தடவையாவது கேட்கிறேன். சிபிஎஃப், அதாவது சம்பளத்திலிருந்து பிடிக்கும் மத்திய சேமநிதியின் கல்வித் திட்டத்தில் எடுப்பது கடன். உங்கள் சாதாரணக் கணக்கிலிருந்து போகும் பணத்தை மகள் வட்டியோடு உங்கள் கணக்குக்கே திருப்பிக் கட்ட வேண்டும். சாதாரணக் கணக்கின் வட்டி விகிதம் இப்போது 2.5 விழுக்காடு. படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும். இருபத்துநாலு வயதில் அவள் கையில் வரும் முதல் சம்பளத்தில் ஒரு பங்கு, சித்தப்பா ஆசைப்பட்ட ஐந்தாவது வருடத்துக்குப் போகும். சித்தப்பா கட்டுவாரா? கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

விடுதியில் சேர்ப்பதா, டியூஷன் வைப்பதா, இந்தியச் சமூக உதவி அமைப்பான சிண்டாவில் உதவி கேட்பதா என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்த வழிகள். அவற்றை விடுகிறேன். நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது, மகளே காதில் வாங்கிவிட்டு மறந்துபோயிருந்த எஸ்/யூ பற்றிப் பேசத்தான். ஒரு பாடத்தின் கிரேடை மறைத்து, 'எஸ்' (திருப்தி) அல்லது 'யூ' (திருப்தியில்லை) என்று மட்டும் காட்டும் ஏற்பாடு அது. அவள் படிக்கும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2014இல் முதல் பருவத்துக்கு மட்டும் கிரேடு கணக்கில்லாத ஏற்பாடாகத் தொடங்கி, பிறகு முதலாண்டு முழுவதற்கும் விரிந்தது. அறிமுக வாரத்தில் ஸ்லைடு காட்டி விளக்குவார்கள். அந்த வாரத்தில் எந்தப் பிள்ளைக்கு ஸ்லைடு மண்டையில் ஏறும்?

நடைமுறை இதுதான். ஒரு பாடம் பெரும்பாலும் 4 அலகு (கிரெடிட்). முதலாண்டின் இரண்டு பருவங்களிலும் சேர்த்து 32 அலகுகள்வரை, அதாவது எட்டுப் பாடங்கள்வரை, கிரேடை மறைத்துக்கொள்ளலாம். இதில் அழகே, முடிவைப் பார்த்த பிறகு தீர்மானிக்கலாம் என்பதுதான். தேர்வு எழுது, கிரேடு வரும், பார், பிடிக்காததை எஸ்/யூ என்று மாற்று. அதற்குச் சில நாள்தான் அவகாசம், அந்த நாள்களில் தூங்கிவிட்டால் போச்சு. மாற்றினால் மதிப்பெண் சான்றிதழில் 'எஸ்' என்று மட்டும் வரும். அலகு கிடைக்கும், கிரேடுகளின் சராசரியான ஜிபிஏயில் சேராது.

அவளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து எழுதச் சொன்னேன். இந்தப் பருவத்தில் ஐந்து பாடம். நிரலாக்கத்தில் பி பிளஸ் வருமென்று வைப்போம், கணிதத்தில் பி மைனஸ், கணக்கியலில் சி பிளஸ், பொதுக்கல்விப் பாடத்தில் பி, ஆசைக்காக எடுத்த மொழியியலில் ஏ மைனஸ். புள்ளியாகப் போட்டால் 4, 3, 2.5, 3.5, 4.5. கூட்டினால் 17.5, ஐந்தால் வகுத்தால் 3.5. இப்போது கணிதத்தையும் கணக்கியலையும் எஸ்/யூ ஆக்கு. மிச்சம் மூன்று பாடம், 12 புள்ளி. ஜிபிஏ 4.0. கடைசி வரை அப்படியே போனால் 3.5 என்பது ஹானர்ஸ் பட்டத்தில் 'மெரிட்', 4.0 என்பது அதற்கு மேல்படியான 'டிஸ்டிங்ஷன்'. லேபிள் உரித்துக்கொண்டிருந்த விரல் நின்றது. தாளைத் தன் பக்கம் இழுத்து, அந்த இரண்டையும் விட்டுவிட்டுப் பொதுக்கல்வியை மட்டும் மறைத்தால் என்ன ஆகும் என்று தானே போட்டுப் பார்த்தாள். ஜிபிஏ 3.5இலேயே நின்றது. "வேஸ்ட்" என்றாள். அவள் வந்ததிலிருந்து யாரும் கேட்காமல் சொன்ன முதல் சொல் அது.

இதில் பள்ளமும் உண்டு. 'எஸ்' கிடைக்க 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். 'டி' வாங்கிவிட்டுப் பதற்றத்தில் எஸ்/யூ அழுத்தினால் 'யூ' என்று விழும், கிடைத்திருக்க வேண்டிய அலகும் போய்விடும். அப்படி அழுத்திவிட்டு வந்து அழுத பையனை நான் பார்த்திருக்கிறேன். எல்லாப் பாடத்துக்கும் இது பொருந்தாது, பாடத்தின் பக்கத்தில் குறிப்பு இருக்கும், பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டையும் முதலாண்டிலேயே கரைத்துவிடவும் வேண்டாம். பயன்படுத்தாததில் 12 அலகுவரை, அதாவது மூன்று பாடம், பிந்திய பருவங்களுக்குக் கொண்டுபோகலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் எஸ்/யூ உண்டு, விதிகள் வேறு. பிள்ளை எங்கே படிக்கிறதோ அந்த இடத்து விதியைப் படியுங்கள். பக்கத்து வீட்டுப் பையன் சொன்னதை நம்ப வேண்டாம்.

"எஸ்னு பார்த்தா கம்பெனிக்காரன் தப்பா நெனைக்க மாட்டானா?" அம்மாவின் கேள்வி. முதலாண்டில் எஸ் இல்லாத சான்றிதழைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், அம்மா. அதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் நம் உறவினர்கள் மட்டும்தான்.

மொழியியலுக்கு வருகிறேன், ஏனென்றால் அன்று அந்தப் பெண் முகத்தில் வெளிச்சம் வந்தது அங்கேதான். தமிழில் வினைச்சொல் கடைசியில் வருகிறது, மலாயில் நடுவில் வருகிறது, வீட்டில் பாட்டி இரண்டையும் கலந்து பேசும்போது எது எங்கே போய் நிற்கிறது என்று ஒரு சின்னக் கட்டுரை எழுதியிருக்கிறாள். பாட்டியை அரைமணி நேரம் பதிவு செய்தாளாம். அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே, ஈசூனிலிருந்து ரயிலேறி பீஷானில் வட்டப்பாதைக்கு மாறி கென்ட் ரிட்ஜ் வரை போவாளாம், தினமும். அப்பாவுக்கு இது புதுச் செய்தி. "அது படிச்சா என்ன வேலை?" என்று அவர் வாயெடுக்கும் முன் நான் மறித்துவிட்டேன். மொழியியலை முதன்மைப் பாடமாக்கச் சொல்லவில்லை. கணினியியல் அவள் தேர்ந்தது, அதில் இருக்கட்டும். வணிகம் காலி செய்யும் இடத்தில் அடுத்த பருவம் இன்னொரு மொழியியல் பாடம் எடுக்கட்டும். சரியாக வரவில்லை என்றால் மறைத்துக்கொள்ள எஸ்/யூ இருக்கிறது. பிடித்துப்போனால் துணைப்பாடமாக வளர்க்கலாம். எதை வைப்பது, எதை விடுவது என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை, பெற்றோரிடமும் சரி, பெரியப்பா சித்தப்பாவிடமும் சரி.

தீபாவளி நேரம் பருவத்தின் கடைசி வாரங்களை ஒட்டி வரும், நவம்பர் கடைசியில் தேர்வு. மூன்று வீட்டுக்கு மேல் அவளை இழுத்துக்கொண்டு போகாதீர்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். போகிற வீட்டில் "ஜிபிஏ எவ்வளவு?" என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அப்பா. "இன்னும் வரலை, முறுக்கு எடுத்துக்குங்க" என்றால் போதும். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே கெட்டுக் கிடந்தால் என்னிடம் வர வேண்டாம், பல்கலைக்கழகத்தின் மனநல ஆலோசனைப் பிரிவுக்குப் போங்கள். அது வேறு வேலை, அதற்கென்று படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

இரட்டைப் பட்டத்திலிருந்து விலகி ஒற்றைப் பட்டத்தோடு தொடர்வது பற்றித் திங்கட்கிழமை புல அலுவலகத்தில் அவளே கேட்க வேண்டும். பெற்றோர் கூடப் போகக் கூடாது. எந்தப் பாடம் கழியும், கட்டணம் எப்படி மாறும் என்று இரண்டு கேள்வி, பதில் மின்னஞ்சலில். கையெழுத்து வாங்கும் வரை சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்.

புறப்படும்போது அம்மா ஏ3 தாளை எடுக்க மறந்துவிட்டார். நான் கூப்பிட்டேன். மகள் திரும்பி வந்து, கணக்குப் போட்ட வெள்ளைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.