நீலக் கிலுகிலுப்பை: உரம் குறையட்டும், மாடு விலகட்டும்

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். ஊருக்குப் போனபோது ரோட்டோரம் நீலப்பூ பூத்திருந்த கிலுகிலுப்பையில் காய் பறித்து வந்தேன். மாடியில் பையில் விதைத்ததில் பெரும்பாலும் முளைக்கவில்லை. முளைத்தவற்றுக்கு மண்புழு உரம், பஞ்சகவ்யா எல்லாம் கொடுத்தும் இலைதான் விடுகிறது, பூவைக் காணோம். ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கர் நிலமும் இரண்டு மாடும் உண்டு. அங்கே வேலியோரம் முழுக்க இதையே போடலாமா?

பதில்: அம்மா, வேலி விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். மாடு எட்டும் இடத்தில் கிலுகிலுப்பை வேண்டவே வேண்டாம்.

இந்தச் செடியில் பைரோலிசிடின் வகை நஞ்சு இருக்கிறது. இலையிலும் உண்டு, விதையில் இன்னும் அதிகம். தின்ற அன்றே மாடு விழுந்துவிடாது. நஞ்சு ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். வாரங்கள், சில நேரம் மாதங்கள் கழித்துத்தான் மாடு மெலியும், தீவனம் எடுக்காது. அதற்குள் ஈரல் மீளாத நிலைக்குப் போயிருக்கும், மாற்று மருந்தும் கிடையாது. ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் இதன் உறவான மஞ்சள்பூ கிலுகிலுப்பையைத் தின்ற குதிரைகள் இலக்கில்லாமல் நடந்துகொண்டே இருந்து செத்திருக்கின்றன. அங்கே அதை நோயாகவே பெயர் வைத்து அழைக்கிறார்கள். காய்ந்தாலும் நஞ்சு போகாது, அதனால் அறுத்த செடி வைக்கோலோடு கலந்துவிடக் கூடாது. ‘சணப்பும் இதே குடும்பம்தானே, அதைப் போடுகிறார்களே’ என்று யாராவது சொல்வார்கள். சணப்பைத் தீவனமாகக் கொடுப்பவர்கள் உண்டுதான். அதை வைத்து இதை எடை போடாதீர்கள். மாடு ஏற்கெனவே மேய்ந்திருக்கும் என்று சந்தேகம் இருந்தால், நோய் தெரியட்டும் என்று காத்திருக்காமல் பக்கத்துக் கால்நடை மருத்துவரிடம் செடியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சரி, மாடிக்கு வருவோம். அங்கே தாராளமாக வளர்க்கலாம், வளர்க்கவும் வேண்டும். நம் ரோட்டோரச் செடிகளில் இவ்வளவு அழகான நீலம் குறைவு.

விதை முளைக்காததற்குக் காரணம் அதன் தோல். தண்ணீர் புகாத அளவுக்குக் கெட்டி. தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, சில நிமிடம் ஆறவிட்டு, விதை மேல் ஊற்றி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் சில விதைகள் உப்பியிருக்கும், அவற்றை உடனே போடலாம். உப்பாதவற்றை எடுத்து, காம்பு ஒட்டியிருந்த குழியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் உப்புக்காகிதத்தால் ஓரிரு தடவை லேசாகத் தேயுங்கள். பளபளப்பு போய் மங்கினால் போதும், மறுபடி ஊறப்போடுங்கள். அரை அங்குல ஆழம் போதுமானது. ஆணிவேர்ச் செடி என்பதால் நாற்று விட்டு நடுவதை விட, வளரும் பையிலேயே நேராக விதைப்பது நல்லது. பை ஒரு அடி ஆழமாவது இருக்கட்டும்.

பூக்காததற்குக் காரணம் உங்கள் அன்புதான். பயறு குடும்பச் செடி தனக்கு வேண்டிய தழைச்சத்தை வேர்முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் மூலம் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். நீங்கள் மேலே மேலே உரம் போட்டால் முடிச்சு கட்டாது, செடி தழைத்துக்கொண்டே போகும். உரத்தை அடியோடு நிறுத்துங்கள். அடுத்த விதைப்புக்கு பெங்களூரின் செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, பேருக்கு ஒரு கை மக்கிய எரு. சணப்போ தட்டைப்பயறோ விளைந்த நிலத்து மண் ஒரு பிடி கிடைத்தால் கலந்துவிடுங்கள், இதற்கு ஒத்துப்போகும் நுண்ணுயிர் அதில் இருக்கும். இல்லாவிட்டால் தட்டைப்பயறுக்கான ரைசோபியம் பொட்டலம் வாங்குங்கள். செடி ஒன்றரை மாதம் ஆனதும் ஒன்றைப் பிடுங்கி முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை.

அப்புறம், நாள் முழுக்க வெயில் விழும் இடம் வேண்டும், பையின் அடியில் தண்ணீர் தேங்கக் கூடாது. ஜூனில் விதைத்தால் மழை ஓயும் சமயத்தில் பூ பார்க்கலாம்.

மருந்து அடிக்கும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். காய்க்குள் கருப்பில் வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த புழு இருக்கும். சிவப்புக் கறுப்புப் புள்ளி போட்ட வெள்ளை அந்துப்பூச்சியின் குட்டி அது. விதைக்கு நாலைந்து காய் வேண்டுமென்றால் மெல்லிய துணிப்பை கட்டுங்கள், மிச்சத்தை அதற்கு விடுங்கள். வாடிய இலைகளையும் உடனே கிள்ளிப் போடாதீர்கள். நீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் போன்ற வண்ணத்துப்பூச்சிகளில் ஆண்கள் அந்த இலையைக் காலால் சுரண்டிச் சாற்றை உறிஞ்சும். மாட்டுக்கு எமனான அதே சத்து அவற்றின் உடம்பில் சேர்ந்து பறவைகளிடமிருந்து காக்கிறது, பெண்ணை ஈர்க்கும் வாசனையும் அதிலிருந்தே உண்டாகிறது. பன்னேர்கட்டாவில் 2006-ல் திறந்த பட்டாம்பூச்சிப் பூங்கா உங்கள் நிலத்துக்குப் பக்கம்தான். மாடு ஏறாத உங்கள் மாடியிலேயே அவற்றில் சிலதைப் பார்த்துவிடலாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: கிராமத்தில் சொறி சிரங்குக்கு இதன் இலையை அரைத்துப் பூசுவது உண்டு, ஆனால் கஷாயம் வைத்து யாரும் குடிக்க வேண்டாம். காய் கறுத்து, ஆட்டினால் சத்தம் கேட்கும்போது, வெடிக்கும் முன் பறித்து நிழலில் காயவைத்து, விதையைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.