நூல் சுற்றிய மோதிரம்

கேள்வி: என் தாயாருக்கு வயது 79. இடுப்பெலும்பு முறிந்த பிறகு படுக்கையும் நாற்காலியுமாக இருக்கிறார். கவனித்துக்கொள்ள ஓர் அம்மாவை வைத்திருக்கிறோம். வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுக்கப்படுகிறது. சில மாதங்களாக நாலு வாய்க்கு மேல் ‘போதும்’ என்கிறார். வயதானால் பசி குறைவது இயல்புதானே? மோதிரம் விரலில் நிற்காததால் இரண்டாம் முறையாக நூல் சுற்றிப் போட்டிருக்கிறோம். மற்றபடி ஒரு குறையும் இல்லை.

பதில்: ‘இயல்புதானே’ என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்கள் ஏராளம். அவர்கள் எதிர்பார்க்கும் ‘ஆமாம்’ என்ற பதிலை நான் எழுதுவதில்லை, உங்களுக்கும் எழுதப்போவதில்லை. வயதானால் பசி ஓரளவு மந்தமாகும் என்பது உண்மைதான், ஆனால் உடல் இளைத்துக்கொண்டே போவதையும் வயதின் கணக்கில் எழுதிவிட முடியாது.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மோதிரத்துக்கு வருவோம். முதல் முறை நூல் சுற்றியபோதே விரல் இளைத்திருந்தது. அந்த நூலும் போதாமல் மறுபடி சுற்ற வேண்டியிருந்தது என்றால், இளைப்பு நிற்கவே இல்லை. விரலைப் பிடித்து நூலை இறுக்கி முடிச்சிட்டவருக்கு, அந்தக் கையைச் சற்று மேலே வரை தடவிப் பார்க்கத் தோன்றவில்லையா? மோதிரம் தொலைந்துவிடுமே என்று கவலைப்பட்ட வீட்டில், தாயார் கரைகிறாரே என்ற கவலை எழாததை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வாரமே எடை பாருங்கள். நிற்க முடியாவிட்டால் சக்கர நாற்காலியோடு நிறுத்து, நாற்காலியின் எடையைக் கழித்துக்கொள்ளலாம். பழைய மருத்துவச் சீட்டில் 50 கிலோ என்றிருந்து, ஆறு மாதத்துக்குள் இரண்டரைக் கிலோவுக்கு மேல், அதாவது 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், அது ஊட்டக்குறைவின் எச்சரிக்கை. கால் வீங்கியிருந்தால் நீரின் எடை இளைப்பை மறைத்துவிடும். அப்போது தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை நாடாவால் அளந்து பாருங்கள், 23.5 செ.மீ.க்குக் குறைவு என்றால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

‘கொடுக்கப்படுகிறது’ என்று எழுதினீர்கள். எவ்வளவு உள்ளே போகிறது என்று எழுதவில்லை. சம்பளத்துக்கு வருபவர் ஊட்டலாம், ஆனால் தாய் எத்தனை கவளம் உண்டார் என்று தெரிந்திருப்பது பிள்ளையின் கடமை. அதை யாரிடமும் ஒப்படைக்க முடியாது. மூன்று நாள், ஒருவேளையாவது தட்டு வைத்தது முதல் எடுப்பது வரை பக்கத்தில் உட்காருங்கள். விழுங்கும்போது இருமுகிறாரா, சோற்றைக் கன்னத்திலேயே ஒதுக்கிக்கொள்கிறாரா, பல்செட் ஆடுகிறதா, வாயில் புண் இருக்கிறதா என்று பார்த்து, வைத்ததையும் மிஞ்சியதையும் எழுதி வையுங்கள். மலச்சிக்கல், மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவையும் பசியைக் கொல்லும். முதுகிலோ குதிகாலிலோ சிவந்த இடம் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள், ஊட்டம் குறைந்த உடலில் படுக்கைப்புண் எளிதில் ஆறாது.

இருமல் இருந்தால் வற்புறுத்தி ஊட்ட வேண்டாம். இல்லையென்றால் சிறிது சிறிதாக, ஐந்தாறு வேளையாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இல்லாத முதியவருக்குக் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஒரு கிராமாவது புரதம் தேவை.

மருத்துவரிடம் போகும்போது பழைய சீட்டுகளையும், மூன்று நாள் குறிப்பையும், நூல் சுற்றிய அந்த மோதிரத்தையும் கொண்டுபோங்கள். முதல் நூலை எந்த மாதம் சுற்றினீர்கள் என்பதை நினைவுபடுத்தி அவரிடம் சொல்லுங்கள்.